இரண்டாண்டு காத்திருந்த குரல்: டெஸ்மண்ட் டெக்கர்

ரெகே இசை என்றதும் பலருக்கும் பாப் மார்லியின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால், மார்லியை உலகம் அறிவதற்கு முன்பே ஜமைக்காவின் இசையைப் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டு சேர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் டெஸ்மண்ட் டெக்கர். மார்லியின் முதல் இசைத்தட்டு வெளிவரவும் அவரே காரணமாக இருந்தார்.

டெஸ்மண்ட் 1941ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி ஜமைக்காவில் பிறந்தார். இயற்பெயர் டெஸ்மண்ட் டேக்ரஸ். பாட்டியுடனும் அத்தையுடனும் தேவாலயத்துக்குச் சென்ற வயதிலேயே பாடலில் நாட்டம் பிறந்தது. தாயார் நோயால் இறந்தபின் தலைநகர் கிங்ஸ்டனை விட்டு வெளியூரில் வளர வேண்டியதாயிற்று. அங்கே தையல் வேலை பழகினார். பின்னர் கிங்ஸ்டனுக்குத் திரும்பி, ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தார்.

வேலை செய்துகொண்டே அவர் பாடுவார். அதைக் கேட்ட சக தொழிலாளர்கள், பாடகராக முயன்று பார்க்கும்படி அவரை உற்சாகப்படுத்தினர். 1961இல் துணிந்து புறப்பட்டார். அன்று ஜமைக்காவின் இசைத்தட்டுத் துறையில் கொடிகட்டிப் பறந்த தயாரிப்பாளர்கள் இருவர்: காக்சன் டாட், டியூக் ரீட். இருவரும் அவர் பாடியதைக் கேட்டனர். இருவருமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டனர்.

மூன்றாவதாக அவர் தேடிச் சென்றது லெஸ்லி கோங் என்ற சீன வம்சாவளி ஜமைக்கரை. சகோதரர்களுடன் ஐஸ்கிரீம் கடையும் இசைத்தட்டுக் கடையும் நடத்தி வந்த கோங், அப்போதுதான் பாடல் தயாரிப்பில் இறங்கியிருந்தார். அவருடைய நிறுவனத்தின் முன்னணிப் பாடகர் டெரிக் மோர்கன், டெஸ்மண்டின் திறமையை உடனே கண்டுகொண்டார். ஒப்பந்தம் ஆனது. ஆனால் ஒலிப்பதிவு மட்டும் நடக்கவில்லை. இவருக்குப் பொருத்தமான பாடல் அமையட்டும் என்று கோங் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடின.

அந்தக் காத்திருப்பின்போது டெஸ்மண்ட் செய்த ஒரு செயல்தான் கவனிக்க வேண்டியது. வெல்டிங் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த இளைஞர் ஒருவரும் நன்றாகப் பாடுவார். தன் இசைத்தட்டே இன்னும் வராத நிலையில், அந்த நண்பரைக் கோங்கிடம் போகும்படி டெஸ்மண்ட் தூண்டினார். அந்த நண்பர்தான் பாப் மார்லி. 1962இல் மார்லியின் முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. டெஸ்மண்டோ இன்னும் காத்திருந்தார்.

1963இல் அவருடைய முறை வந்தது. பெற்றோரை மதித்து நடக்கச் சொல்லும் பாடலே அவரது முதல் இசைத்தட்டு. ஜமைக்காவில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. அடுத்தடுத்த பாடல்கள் அவரை உள்நாட்டில் நட்சத்திரமாக்கின. 1967இல் கிங்ஸ்டன் இளைஞர்களின் கொந்தளிப்பைச் சொன்ன '007' என்ற பாடல் பிரிட்டன் தரவரிசையில் 14வது இடத்தைப் பிடித்தது.

1968இல் ஜமைக்காவில் வெளியான 'இஸ்ரேலைட்ஸ்' அதையும் மிஞ்சியது. பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, பணத் தட்டுப்பாட்டால் ஒரு தம்பதி வாக்குவாதம் செய்வது டெஸ்மண்டின் காதில் விழுந்தது. அதிலிருந்து பிறந்த பாடல் அது. விடிந்தால் வேலை, ஆனாலும் வறுமை தீராத ஓர் ஏழையின் புலம்பல். ஜமைக்காவின் பேச்சுமொழியில் பாடப்பட்டதால், வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்குச் சொற்களே பிடிபடவில்லை. இருந்தும் 1969 ஏப்ரலில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 9வது இடத்தை எட்டியது. ரெகே என்ற புதிய இசையைப் பலர் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பாடலில்தான்.

வெற்றி அவரை இங்கிலாந்தில் குடியேற வைத்தது. 1970இல் ஜிம்மி கிளிஃப் எழுதிய பாடலைப் பாடி, அங்கு இரண்டாம் இடத்தைப் பிடித்தார். ஆனால் 1971இல் கோங் மாரடைப்பால் திடீரென்று இறந்தார். தன்னை வழிநடத்தியவரை இழந்த டெஸ்மண்டுக்கு அதன்பின் பழைய வேகம் திரும்பவில்லை. 1984இல் அவர் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார். வறுமையைப் பாடி உலகப் புகழ் பெற்றவரையே பண நெருக்கடி சூழ்ந்தது.

ஆனாலும் அவர் மேடையை விடவில்லை. 2006 மே மாதம் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடினார். அதுவே அவரது கடைசி நிகழ்ச்சி. இரண்டு வாரங்களில், மே 25ஆம் தேதி, 64வது வயதில் மாரடைப்பால் காலமானார்.

மாணவர்களே, விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவதும் நண்பர்கள் நம்மை முந்திச் செல்வதும் உங்களுக்கும் நேரும். டெஸ்மண்டை இருவர் நிராகரித்தனர். மூன்றாமவர் காக்க வைத்தார். அந்த நாள்களில் அவர் கசப்பை வளர்க்கவில்லை. தனக்குக் கிடைத்த வழியை நண்பனுக்கும் காட்டினார். உலகுக்கு ஒரு பாப் மார்லி கிடைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு.