எஃகு நகரின் வித்து

இரும்புடன் சிறிதளவு கரி கலந்து உருவாகும் உலோகக் கலவையே எஃகு. நாம் பயணம் செய்யும் தொடர்வண்டியின் தண்டவாளமும், அது கடக்கும் பாலமும் எஃகால் ஆனவை. பண்டு எஃகுக்குப் பெயர்பெற்றிருந்த நம் நாடு, ஆங்கிலேயர் ஆட்சியில் தண்டவாளங்களைக் கடல் கடந்து வரவழைத்தது. அந்நிலையை மாற்ற முனைந்தவர் ஜாம்செட்ஜி டாடா.

இவர் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், குஜராத்திலுள்ள நவ்சாரியில், பார்சி குருமார் குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றார். 1868இல் 21,000 ரூபாய் முதலீட்டில் வணிகம் தொடங்கினார். 1877இல் நாகபுரியில் பஞ்சாலை நிறுவிப் புகழ் பெற்றார்.

1882இல், சாந்தா மாவட்டத்தில் சிறந்த இரும்புத்தாது உள்ளதென ஓர் அறிக்கை வாயிலாக அறிந்தார். ஆனால், அருகில் கிடைத்த நிலக்கரி தாதுவை உருக்க உதவவில்லை. அரசின் சுரங்க விதிகளும் கடுமையாக இருந்தன. திட்டம் நின்றது, எண்ணம் நிற்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தார். விதிகள் தளர்ந்தபின், 1902இல், தம் அறுபத்து மூன்றாம் வயதில் அமெரிக்கா சென்று உருக்காலைகளை நேரில் கண்டார்; அங்குள்ள வல்லுநர்களின் துணையையும் நாடினார்.

அவ்வாண்டிலேயே தம் மகன் தொராப்ஜிக்கு ஒரு மடல் எழுதினார். தொழிலாளர் வாழும் ஊரில் அகன்ற தெருக்களும் நிழல்தரும் மரங்களும் அமைய வேண்டும். விளையாட்டுத் திடல்களுக்கும் பூங்காக்களுக்கும் இடம் விட வேண்டும். எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடம் வேண்டும் என்பன அவர் விருப்பங்கள்.

1904ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் காலமானார். ஆலைக்கு அப்போது அடிக்கல்கூட நாட்டப்படவில்லை. தந்தையின் பணியை மகன் ஏற்றார். நிலவியல் அறிஞர் பிரமத நாத் போஸ் சுட்டிய மயூர்பஞ்சு மலைகளில் வளமான தாது கிடைத்தது. இலண்டனில் முதலீடு கிடைக்காமற் போகவே, 1907இல் இந்திய மக்களிடமே பங்குகள் விற்கப்பட்டன. மூன்றே வாரங்களில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அவற்றை வாங்கினர். சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் கூடுமிடத்தருகே, சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகுப் பாளம் வெளிவந்தது. 1919இல் சாக்சி, ஜாம்செட்பூர் எனப் பெயர் பெற்றது.

பல மாநிலத்தவரோடு தமிழரும் அந்நகரில் குடியேறி உழைத்தனர். பிழைப்புக்காகத் தம் ஊர் விட்டு வருவோர்க்கு, ஆலைக்குரிய இடம் அமையும் முன்னரே நிழல்மரங்களை எண்ணி வைத்தவர் ஜாம்செட்ஜி.