அச்சத்தின் வேரைத் தொட்ட வைத்தியர்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேரன்று வெடிச்சத்தம் கேட்டால் என் அம்மா இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். 1983 கலவரத்தோடு இங்கிருந்து வன்னிக்குப் போய், 2009இல் எல்லாம் இழந்து திரும்பியவர்கள் நாங்கள். பயந்தாங்கொள்ளி என்று அம்மாவை நானே ஏசியிருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் இந்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

ரஸ்டம் ஜால் வக்கீல் 1911இல் பம்பாயில் பிறந்தவர். பெயர்தான் வக்கீல், தொழில் வைத்தியம். லண்டனில் படித்து ஊர் திரும்பி இதய நோய் நிபுணரானார். நாட்டு வைத்தியர்கள் பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரை உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார். சிங்களவர்கள் ஏகவேரிய என்று சொல்லும் செடி அது. 1931இலேயே கல்கத்தா வைத்தியர்கள் இருவர் அதைப் பற்றி எழுதியிருந்தும் வெளிநாடுகள் கவனிக்கவில்லை. 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வக்கீல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் கவனித்தன. 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. 1974இல் காலமானார்.

அவர் தேடாத ஒரு வாசலையும் அந்த வேர் திறந்தது. 1952இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையிலுள்ள செரோட்டோனின் என்ற இரசாயனத்தைக் குறைப்பதை 1955இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மருந்தை எடுத்த சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. மனநிலைக்கும் செரோட்டோனினுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது.

1998இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், செரோட்டோனினோடு இணையும் ஓர் ஏற்பியின் மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அவை வெட்டவெளிக்குப் போகப் பயந்து ஓரமாக ஒதுங்கின. 2002இல் இன்னொன்று தெரிந்தது. குட்டிப் பருவத்தில் அந்த ஏற்பி இல்லாதவை வளர்ந்த பிறகும் பயந்தன. வளர்ந்த பிறகு அதை இழந்தவை அப்படிப் பயப்படவில்லை.

எலியின் கணக்கை மனிதருக்கு அப்படியே போட முடியாது. எங்கள் பயத்தைத் தந்தது ஷெல், மரபணு அல்ல. ஆனாலும் பயம் உடம்பிலும் நடப்பது, பிஞ்சு வயதில் ஆழமாகப் பதியக்கூடியது என்று புரிகிறது. பதுங்குகுழியில் வளர்ந்த பிள்ளைகளை ஏசாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அந்த வேரை வீட்டில் அவித்துக் கொடுக்கவும் வேண்டாம், அது ஆபத்து.

இந்த முறை தேரன்று நான் அம்மாவை ஏசவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன்.