தியாலிங் கூப்மன்ஸ்

தியாலிங் சார்லஸ் கூப்மன்ஸ் (ஆகஸ்ட் 28, 1910 - பெப்ரவரி 26, 1985) நெதர்லாந்தில் பிறந்த அமெரிக்கப் பொருளியலாளர் ஆவார். வளங்களைச் சிறப்பாக ஒதுக்கும் கோட்பாட்டுக்காக, 1975 ஆம் ஆண்டின் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை லியோனிட் கந்தரோவிச்சுடன் பகிர்ந்துகொண்டார். தொழிற்சாலைகளின் இடத்தேர்வு பற்றி இவர் ஆராய்ந்த கணக்கு, பல கணினிகளில் மென்பொருள் கூறுகளைப் பகிர்ந்து அமைக்கும் சிக்கலுக்கும் பொருந்துகிறது.

வாழ்க்கை

உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். குவாண்டம் வேதியியலில் பயன்படும் கூப்மன்ஸ் தேற்றத்தை 1934 இல் வெளியிட்டார். பின்னர் பொருளியலுக்கு மாறி, 1936 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1940 இல் அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது வாசிங்டனில் பிரித்தானிய வணிகக் கப்பல் அமைப்பில் பணியாற்றினார். சரக்குக் கப்பல்களை வீண் பயணமின்றி இயக்கும் வழியை ஆராய்ந்ததே நேரியல் திட்டமிடலில் இவரது பங்களிப்புக்குத் தொடக்கமாகும். அத்துறைக்கு அப்பெயரை ஜார்ஜ் டான்ட்சிக்கிடம் முன்மொழிந்தவரும் இவரே. 1948 இல் சிகாகோவில் கௌல்ஸ் ஆணைக்குழுவின் இயக்குநரானார். 1955 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

இருபடி ஒதுக்கீட்டுச் சிக்கல்

1957 இல் மார்ட்டின் பெக்மனுடன் இணைந்து, தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்குவது குறித்த கட்டுரையை வெளியிட்டார். ஆலைகளுக்கிடையே சரக்குப் போக்குவரத்து இல்லையெனில், நிலவாடகையே ஒவ்வோர் ஆலையையும் உரிய இடத்தில் நிறுத்திவிடும். போக்குவரத்து இருந்தால், ஓர் ஆலைக்கு ஏற்ற இடம் மற்றவை இருக்கும் இடங்களைப் பொறுத்தது. அப்போது எந்த வாடகையும் எந்த அமைப்பையும் நிலைநிறுத்த இயலாமல் போகலாம் என இருவரும் காட்டினர். விலைகளின் ஆற்றலை விளக்கிப் புகழ்பெற்ற கூப்மன்ஸே அவற்றின் எல்லையையும் சுட்டியது குறிப்பிடத்தக்கது.

கணினியியலில்

ஆலைகளுக்குப் பதில் செய்தி பரிமாறும் மென்பொருள் கூறுகளையும், நிலங்களுக்குப் பதில் செயலிகளையும் கொண்டால் இதே கணக்கு கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் செய்தி அளவைத் தொலைவால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைத்தால் செய்திச் செலவு இராது. ஆனால் மற்றச் செயலிகள் வேலையின்றி நிற்கும். ஒவ்வொரு கூறும் தன் நலம் நோக்கி இடம்பெயர்ந்தால் மொத்தச் செலவு குறையும் என்ற உறுதியும் இல்லை.

பத்துக் கூறுகளைப் பத்துச் செயலிகளில் ஒன்றுக்கு ஒன்றாக 36,28,800 வகைகளில் அமைக்கலாம். எண்ணிக்கை கூடும்போது மிகச் சிறந்த அமைப்பை விரைவாகக் காணும் பொதுவழி அறியப்படவில்லை. எனவே நடைமுறையில் தோராய முறைகளே பயன்படுகின்றன. 1968 இல் முன்வைக்கப்பட்ட, 30 இடங்கள் கொண்ட ஒரு கணக்கு 2000 ஆம் ஆண்டிலேயே முழுமையாகத் தீர்க்கப்பட்டது. பிணையத்தால் இணைந்த சராசரியாக 650 கணினிகள் அதற்காக ஏழு நாட்கள் இயங்கின.