காவிரிக் காட்டில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன்: அவர் கையில் இருந்த துப்பாக்கி எது?

மேட்டூர் அணை திறந்தால்தான் தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணி. ஆனால், மேட்டூருக்கு வரும் முன்பு காவிரி கடந்து வருவது காடு. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் வட்டாரக் கிராமங்களில் ஒரு காலத்தில் ஆட்கொல்லிப் புலி நடமாடுகிறது என்றால், இருட்டிய பிறகு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அப்போது அங்கே வந்து நின்றவர்களில் ஒருவர் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். ஹைதராபாத் அருகே பொலாரத்தில் 1910-ல் பிறந்தார். வளர்ந்தது பெங்களூரு. அங்கே விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் காடுதான். தமிழும் கன்னடமும் பேசுவார். சின்னாற்றுப் பக்கம் வாழ்ந்த பைரா என்ற பழங்குடி நண்பரிடம் காட்டைப் படிக்கக் கற்றார்.

அரசுக் கணக்குப்படி 1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள்: 8 சிறுத்தைகள், 7 புலிகள்.

என்ன துப்பாக்கி?

அமெரிக்கத் தயாரிப்பான வின்செஸ்டர் 1895. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. இதில் .405 ரகத் தோட்டா 1904-ல் வந்தது. குண்டின் எடை சுமார் 19 கிராம். அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றதும் இதே ரகம்தான்.

இது ‘லீவர் ஆக்‌ஷன்’ வகை. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும்; மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அவ்ளோதான். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டாம். புலி பத்தடியில் நிற்கும்போது அந்த ஒரு நொடிதான் உயிர்.

துப்பாக்கியின் நிலை ஏன் முக்கியம்?

பழைய துப்பாக்கியில் குழாய்க்குள் துரு ஏறியிருந்தால் குறி தவறும். ஈரம் பட்ட தோட்டா வெடிக்காமல் போகும். லீவரில் அழுக்கு சேர்ந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். குறி தவறினால் ஆபத்து வேட்டைக்காரருக்கு மட்டுமா? இல்லை. அரைகுறைக் காயத்தோடு தப்பிய புலியால் மானைத் துரத்த முடியாது; மெதுவாக ஓடும் மனிதன்தான் எளிய இரை.

ஆண்டர்சன் தன் புத்தகங்களில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: ஆட்கொல்லியை உருவாக்குவது பெரும்பாலும் மனிதனே. ஜவளகிரிப் பெண்புலியும் அப்படிக் குண்டடி பட்டதுதான். அதன் குரலுக்கு ஆண்புலி போலப் பதில் குரல் கொடுத்து, அருகே வரவழைத்துச் சுட்டார். ஊர் நிம்மதியானது. ஆனால் முதல் குண்டைச் சரியாகச் சுடாதவர் வேறு யாரோ.

பிறகு என்ன ஆச்சு?

1954-ல் முதல் வேட்டைப் புத்தகம் வெளியானது. வயது ஏற ஏற, சுடுவதைவிடக் காட்டைப் பார்ப்பதிலேயே அவர் மனம் நின்றது. 1972-ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில், 1974-ல், புற்றுநோயால் பெங்களூருவில் காலமானார்.

அவர் நடந்த காட்டின் ஒரு பகுதி இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களுக்குள் இருக்கிறது. தஞ்சாவூர் வாய்க்காலில் வரும் தண்ணி இன்றும் அந்த வழியாகத்தான் வருகிறது.