கப்ரியேல் லாமே

கேளம்பாக்கத்துச் சாலைகளில் மாட்டு வண்டிகள் மிகுந்திருந்த காலத்தில், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டுதல் ஊரார் அறிந்த காட்சியே. மர வட்டையினும் சிறிதளவு குறுகியதாகப் பட்டையை வளைத்துக் கொல்லர் நெருப்பிற் காய்ச்சுவார். சூட்டினால் விரிந்த பட்டை வட்டையின்மேல் எளிதில் அமரும். நீர் ஊற்றியவுடன் சுருங்கி, ஆரக்கால்களைக் குடத்தோடு நெருக்கி இறுகப் பற்றும். அவ்வழுத்தம் எவ்வளவு? கொல்லரின் கை அதனை அறியும். அதனைக் கணக்கில் அடக்க வழி கண்டவர் கப்ரியேல் லாமே என்னும் பிரெஞ்சு அறிஞர்.

இப்பெரியார் 1795-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் தூர் நகரிற் பிறந்தார். பாரிசில் கணிதமும் பொறியியலும் பயின்றார். 1818-இல், மாணவராயிருந்தபோதே, வடிவ கணித நூலொன்றை வெளியிட்டார். வட்டமும், நீள்வட்டமும், சதுரத்தை நெருங்கும் வளைவுகளும் ஒரே குடும்பத்தினவாய் அமையும் சமன்பாடு அதிற் காணப்படும். அவை இன்றும் லாமே வளைவுகள் எனப்படுகின்றன.

1820-இல் நண்பர் கிளாப்பிரோனுடன் ருஷ்யா சென்று, 1832 வரை புனித பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றினார். தொங்குபாலங்களுக்குரிய இரும்பின் வலிமையை ஆங்குச் சோதித்தார். தடித்த உருளையின் உட்புறத்தை அழுத்தினால், அதனை வட்டமாக விரிக்கும் இழுவிசை உள்விளிம்பில் மிகுந்தும் வெளிவிளிம்பு நோக்கிக் குறைந்தும் நிற்குமெனக் கணக்கிட்டுக் காட்டினார். அச்சில் சக்கரத்தை அழுத்திப் பொருத்தும் பொறிஞர் இன்றும் அச்சூத்திரத்தையே ஆள்வர்.

பாரிசுக்கு மீண்டு பேராசிரியரானார். பெர்மாவின் புகழ்பெற்ற தேற்றத்தை 7-ஆம் அடுக்குக்கு 1839-இல் நிறுவினார். 1843-இல் அறிவியற் கழக உறுப்பினரானார். 1847 மார்ச்சு முதல் நாள், அத்தேற்றத்தை முழுவதும் நிறுவிவிட்டதாக அக்கழகத்தில் அறிவித்தார். உடனே லியூவில் எழுந்து தடை கூறினார். சாதாரண எண்கள் பகா எண்களாக ஒரே வகையிற் பிரியும். லாமே கையாண்ட புதிய எண்களும் அவ்வாறே பிரியும் என்பதற்குச் சான்று இல்லை. அவை அவ்வாறு பிரியா என்பதைக் கும்மர் 1844-இலேயே காட்டியிருந்தார். பல்லோர் முன்னிலையில் எடுத்த கட்டடம் சரிந்தது.

லாமே அதனால் ஒடுங்கினாரல்லர். நெகிழ்ச்சியியல் பற்றி 1852-இலும், வளைகோட்டு ஆயங்கள் பற்றி 1859-இலும் பெருநூல்கள் இயற்றினார். பின்னதன் பயனைப் பட்டையைக் கொண்டே அறியலாம். வட்டச் சக்கரத்தில் அழுத்தம் எங்கும் ஒன்றே. முட்டை வடிவக் கட்டையில் மெல்லிய பட்டையை இறுக்கின், கூரிய முனையில் அழுத்தம் மிகும். தட்டையான பக்கத்திற் குறையும். உராய்வை விலக்கிக் கணக்கிடின், வளைவின் ஆரம் பாதியாகும் இடத்தில் அழுத்தம் இருமடங்காகும். ஆகவே வட்டத்தின் விதியை வட்டமல்லாததன்மேல் ஏற்றலாகாது. பொருளின் வடிவுக்கேற்ப அளவுக்கோடுகளையே வளைத்துக்கொள்ளல் வேண்டும். அதற்கு வழி வகுத்தது அந்நூல்.

முதுமையிற் செவி கேளாமையால் 1862-இல் ஆசிரியப் பணியினின்று விலகி, 1870 மே முதல் நாள் மறைந்தார். 1889-இல் எழுந்த ஈபெல் கோபுரத்திற் பொறிக்கப்பெற்ற 72 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

ஓரிடத்து உண்மையை ஆராயாது வேறோரிடத்துக்கு ஏற்றியதே 1847-இல் அவர் செய்த பிழை. அவ்வாறு ஏற்றலாகாது என்பதே அவர்தம் சிறந்த நூல் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஆண்டவர் அளித்த தாலந்தை ஒரு தோல்விக்கு அஞ்சி மண்ணிற் புதையாத இப்பெரியாரின் வாழ்வு, தேர்விலும் பிறவற்றிலும் இடறும் மாணவராகிய நமக்கு ஊன்றுகோலாகுக.