சீகன்பால்கு ஐயரும் 'பாவம்' என்ற சொல்லும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பழைய விடுதிக் கதைகளை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த வருடம் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் பலர், என்னைப் போலவே, கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டதும் எண்ணம் மாறியது.

எனக்கு ஊர் போளூர். ஆரணிப் பட்டு நெய்கிற வீடு. முதல் வருடம் சிற்றாலயத்தில் பேச வந்த ஒரு பெரியவர், மனிதர் எல்லோருமே பாவிகள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன தப்பு செய்தேன்? விடுமுறைக்கு ஊர் போனபோது, தார் சுற்றிக்கொண்டிருந்த எங்க ஆயாவிடம் இதைச் சொல்லிக் கோபப்பட்டேன். ஆயா அந்தப் பெரியவரை நினைத்து ஐயோ பாவம் என்றுவிட்டு, தாரைச் சுற்றப் போய்விட்டாள்.

ஒரே சொல்தான். அவர் சொன்னது வேறு, ஆயா சொன்னது வேறு. இந்தச் சிக்கலில் முன்னூறு வருஷத்துக்கு முன்பே மாட்டிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றிப் பிறகுதான் படித்தேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனியில் சாக்சனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, புளுட்சோ என்ற நண்பருடன் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனிஷ்காரர்கள் பெற்ற ஊர் அது. வியாபாரம் செய்ய வந்த அவர்களுக்குப் பாதிரிமார் வந்தது பிடிக்கவில்லை. கோட்டைத் தலைவரோடு மோதல் முற்றி, 1708 இறுதியில் சீகன்பால்கு டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறை கிடந்தார். சொந்த மதத்துக்காரர்களே பூட்டி வைத்தார்கள்!

வந்த புதிதில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவருக்கு முன்பே வந்த கத்தோலிக்கப் பாதிரிமாரின் தமிழ் நூல்களும் கையில் கிடைத்தன. மதச் சொற்கள் பலவற்றை அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கி, பிள்ளைகளுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் கற்பித்தார்.

அவர் கற்பித்தது என்ன? கடவுள் ஒருவரே, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து எல்லாவற்றையும் படைத்தார், படைத்தது நல்லதாகவே இருந்தது. மனிதரைத் தம் சாயலில் படைத்தார். ஆதாமும் ஏவாளும் அவர் சொல்லை மீறினார்கள். கடவுளோடு இருந்த உறவு அறுந்தது. அந்த முறிவு பிள்ளைகள் வழியாக எல்லோருக்கும் வந்தது. மனிதர் தம் புண்ணியத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது, அதற்காகவே கிறிஸ்து வந்தார் என்பது அவர் போதனை.

கேட்டவர்களுக்கு இது சுலபமாக இருந்திருக்குமா? சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றுமே அநாதி. உயிரை யாரும் படைக்கவில்லை. பாவம் என்பது அவரவர் வினை. அவரவரே பிறவிதோறும் அனுபவித்துத் தீர்ப்பது. தாத்தன் செய்த தப்புக்குப் பேரன் பாவி என்றால் கணக்கு உதைக்கிறதே என்று கேட்கத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. தறிக்காரன் பிள்ளையாதலால் நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஊடையில் ஒரு இழை தப்பினால் அந்த இடத்தில் மட்டும் கோடு விழும்; பாவில் தப்பு நூல் ஏறிவிட்டால் அது சேலையின் நீளம் முழுக்க ஓடும். வினை என்பது ஊடைத் தப்பு மாதிரி. அவர் சொன்னது பாவுத் தப்பு. ஒப்புக்கொள்கிறோமோ இல்லையோ, சொல்ல வந்தது அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அவர் கேட்கவும் செய்தார் என்பது. 1712 முதல் அவரும் கிருண்ட்லர் என்ற தோழரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாகின. பதில் எழுதியவர்கள் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தமாக இருப்பதில்லை என்று எழுதினார்கள். பாவத்தைப் பற்றிப் போதிக்க வந்தவர், தம்மவர்களின் பாவப் பட்டியலையே மொழிபெயர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆனாலும் அவர் எல்லா இடத்திலும் சாந்தமானவர் இல்லை. 1713இல் அச்சிட்ட அவருடைய சிறுநூல் இந்நாட்டு வழிபாட்டை அக்கியானம் என்று கடுமையாகவே சாடுகிறது. அது எனக்கு இன்றும் உவப்பாக இல்லை. அதே வருடம் நம் தெய்வங்களைப் பற்றி விரிவான ஒரு நூலையும் எழுதினார். பொய்ச் சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்பவா போனார் என்று ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

அச்சு என்றதும் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த அச்சு இயந்திரத்தைச் சுமந்த கப்பல் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாரில் காகித ஆலை போட்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

பழைய ஏற்பாட்டில் படைப்பையும் மனிதரின் வீழ்ச்சியையும் சொல்லும் ஆதியாகமத்தில் தொடங்கி, ரூத்தின் கதை வரை மொழிபெயர்த்திருந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1719 பிப்ரவரி 23இல் காலமானார். முந்தின வருடம்தான் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். மீதியை சூல்ட்ஸ் என்பவர் 1728இல் முடித்தார்.

போன வருடம் திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம் வழியாகத் தரங்கம்பாடி போய் அந்தக் கல்லறையைப் பார்த்தேன். அவர் இறந்தபோது வயது 36. எனக்கும் இப்போது 36 நடக்கிறது. ஊர் திரும்பி ஆயாவிடம், சின்ன வயசிலேயே போய்விட்டார் என்று சொன்னேன். யாரு பெத்த புள்ளையோ என்று கேட்டுவிட்டு, ஆயா மறுபடியும் அதே சொல்லைத்தான் சொன்னாள்.