சிறைமுகாமில் ஒரு நல்லாயன்

அருள்தந்தை எமில் கபோன் 1916-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1940-ல் குருப்பட்டம் பெற்று, இராணுவ ஆன்மகுருவாக 1945-46-ல் நம் இந்தியாவிலும் பர்மாவிலும் பணிபுரிந்தார்.

கொரியப் போரில், 1950 நவம்பர் 2-ல், சீனப் படை சூழ்ந்தபோது தப்பிச்செல்ல வழியிருந்தும், காயமுற்ற வீரர்களைக் கைவிட மனமின்றித் தாமும் சிறைப்பட்டார். பியோக்டாங் முகாமில் பசியும் குளிரும் கைதிகளை வாட்டின. அவரோ நல்ல கள்ளனை மன்றாடிவிட்டு, காவலர் அறியாமல் உணவெடுத்து வந்து பகிர்ந்தளித்தார். தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி நீர் காய்ச்சினார். நோயாளரின் துணிகளைத் துவைத்தார். 1951 உயிர்ப்பு ஞாயிறன்று அவர் நடத்திய வழிபாட்டில் பிற சபையாரும் கலந்துகொண்டனர். அவ்வாண்டு மே 23-ல், 35-ஆம் வயதில், முகாமிலேயே உயிர்நீத்தார்.

2025-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. செங்கல்பட்டு இறைமக்களே, சிறைப்பட்டோரைத் தேடிச் செல்வது நமக்கும் உரிய கடமையன்றோ!